அவர்கள் கேட்கும் கேள்விகளை நாம் ஏன் கேட்பதில்லை?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாட்களில் எங்கள் வீடுகளில் இரண்டு கேள்விகள் கேட்கப்படும். எந்தப் பீடம் கிடைக்கும்? எவ்வளவு தூரம் போக வேண்டும்? மூன்றாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது. அந்த இடத்தில் எங்கள் பிள்ளை ஒரு முஸ்லிம் பெண்ணாக நிம்மதியாக வாழ முடியுமா? மூன்றிலும் பெரியது இதுதான். ஆனால் இதை யாரும் கேள்வியாகக் கேட்பதில்லை. "கம்பஸுக்கு அனுப்பினா புள்ள மாறிடும்" என்று முடிவாகவே சொல்லிவிடுகிறார்கள். கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். முடிவாகச் சொல்லிவிட்ட பிறகு அதற்கு மேல் பேச்சில்லை.

இதே கேள்வியை ஒரு சமூகம் நூறு ஆண்டுகளாக வரிசை வரிசையாகக் கேட்டு, எழுதி, பதில் வாங்கிக்கொண்டு வருகிறது. அமெரிக்காவில் வாழும் யூதர்கள்தான் அவர்கள். பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் தெரிவு செய்யும்போது, பாடநெறியையும் கட்டணத்தையும் விசாரிப்பது போலவே அங்கே யூத வாழ்வுக்கு என்ன வசதி இருக்கிறது என்பதையும் விசாரிக்கிறார்கள். அவர்களிடமிருந்து இந்த ஒரு பழக்கத்தை நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

"இந்தக் காலத்தில், காஸாவில் பிள்ளைகள் சாகும்போது, யூதரைப் பற்றியா எழுதுவது?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நியாயமான கேள்விதான். காஸாவுக்காக நானும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். ஆனால் ஓர் அரசாங்கம் செய்வதற்கு, வேறொரு நாட்டில் பதினெட்டு வயதில் விடுதி தேடும் ஒரு பிள்ளை பொறுப்பாக முடியாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு, யாரோ செய்த குற்றத்துக்காக எங்கள் தாய்மாரின் பர்தாவைப் பார்த்து முகம் திருப்பப்பட்ட நாட்டில் வாழ்கிற எங்களுக்கு இது நன்றாகவே விளங்க வேண்டும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு எங்களை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்பதை ஸூரத்துல் மாயிதாவில் ஓதுகிறோம். யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதை ஹதீஸில் படிக்கிறோம். அந்த மார்க்கத்தில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சரி, அவர்கள் என்ன கேட்கிறார்கள்?

முதலாவது உணவு. மார்க்கப்பற்றுள்ள யூதர்கள் கோஷர் உணவையே உண்பார்கள். பன்றி இல்லை. இறைச்சி அவர்களது முறைப்படி அறுக்கப்பட்டிருக்க வேண்டும். இறைச்சியையும் பாலையும் சேர்த்து உண்ண மாட்டார்கள். இரண்டுக்கும் பாத்திரங்களும் வெவ்வேறு. ஆகவே, "உங்கள் உணவுச்சாலையில் மரக்கறி இருக்கிறதா?" என்று கேட்பதோடு அவர்கள் நிறுத்துவதில்லை. தனி அடுப்பு உண்டா, மேற்பார்வை யாருடையது, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை வேளை, விலை கூடுமா என்றெல்லாம் கேட்கிறார்கள். பஸ்கா பண்டிகை நாட்களில் புளித்த மாவில் செய்த ரொட்டி கூடாது. அந்த நாட்களில் பிள்ளை எதைச் சாப்பிடும் என்றும் கேட்கிறார்கள்.

இரண்டாவது, சப்பாத். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இரவு வரை அவர்களுக்கு ஓய்வு நாள். மார்க்கத்தை முழுமையாகப் பேணுபவர்கள் அந்த நேரத்தில் எழுத மாட்டார்கள், வாகனத்தில் போக மாட்டார்கள், மின்சாரப் பொத்தானை அழுத்த மாட்டார்கள். இதனால் வெளியார் நினைத்தும் பார்க்காத சிக்கல்கள் வருகின்றன. இன்று பல விடுதிகளின் கதவுகள் மின் அட்டையால் திறப்பவை. வெள்ளி இரவு அட்டையைப் பயன்படுத்த முடியாத மாணவிக்குச் சாதாரணத் திறப்பு ஒன்று தருவார்களா? சனிக்கிழமை பரீட்சை வைத்தால் வேறு நாள் கொடுப்பார்களா? அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்காகப் பலர் எழுதும் எஸ்.ஏ.டி பரீட்சை பொதுவாகச் சனிக்கிழமையில்தான் நடக்கும். மார்க்கக் காரணம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை எழுதலாம் என்ற ஏற்பாடும் உண்டு. கேட்டவர்கள் இருந்ததால்தான் அந்த ஏற்பாடு வந்தது.

மூன்றாவது, கூட்டம். கூட்டு வணக்கத்துக்கு வயது வந்த பத்துப் பேர் வேண்டும் என்பது அவர்களது சட்டம். ஆகவே எத்தனை யூத மாணவர் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்குப் பிள்ளை யாரோடு உட்காரும் என்பதுதான் அந்தக் கேள்வியின் உள்ளே இருக்கும் தாயின் கவலை.

இந்தக் கேள்விகள் சொகுசில் பிறந்தவை அல்ல. 1922 ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த லோவல், யூத மாணவர் தொகை கூடிவிட்டது என்று சொல்லி அதற்கு எல்லை வைக்க விரும்பினார். அப்போது அங்கு புதிதாகச் சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் யூதர்கள். வெளிப்படையான ஒதுக்கீட்டை ஆசிரியர் குழு ஏற்கவில்லை. ஆனால் புள்ளிகளோடு "குணநலன்" பார்ப்பது, புகைப்படம் கேட்பது, எந்த ஊர் என்று பார்ப்பது என வேறு வழிகளில் அதே காரியம் நடந்தது. சில ஆண்டுகளில் யூத மாணவர் தொகை குறைந்தது. வேறு பல பெரிய பல்கலைக்கழகங்களும் இப்படியே செய்தன.

அதற்கு அந்தச் சமூகம் ஒரு வழியில் மட்டும் பதில் சொல்லவில்லை. 1923 ஆம் ஆண்டில் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் ஃபிராங்கல் என்ற இளம் மார்க்க அறிஞர் யூத மாணவர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஹில்லெல் என்று பெயர். இன்று அது நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. சில இடங்களில் பெரிய கட்டடம், சில இடங்களில் ஓர் அறை மட்டும். சபாத் என்ற இன்னோர் அமைப்பில், ஒரு கணவனும் மனைவியும் பல்கலைக்கழகத்துக்கு அருகில் குடியிருந்து, வெள்ளி இரவுகளில் தங்கள் வீட்டு மேசையில் மாணவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். பெரிய நிறுவனம் வேண்டியதில்லை, ஒரு குடும்பம் போதும் என்பதை அதில் நான் பார்க்கிறேன்.

இரண்டாவது வழி, சொந்தமாகப் பல்கலைக்கழகம் கட்டுவது. 1948 ஆம் ஆண்டில் மசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரண்டைஸ் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. யூதச் சமூகத்தின் பணத்தில் உருவானாலும் எல்லா மதத்தவருக்கும் அது திறந்திருந்தது. தங்கள் முகத்தில் கதவு சாத்தப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் பிறருக்குக் கதவைச் சாத்தவில்லை. அங்கே யூதருக்கும் கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் மூன்று வணக்க இல்லங்களை, ஒன்றின் நிழல் மற்றதன் மேல் விழாதபடி கட்டியிருக்கிறார்கள். பெண்களுக்கென்று மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் சேர்ந்த ஸ்டேர்ன் பெண்கள் கல்லூரி 1954 இல் நியூயோர்க்கில் உருவானது. தனியாகப் படிக்க விரும்புகிறவளுக்கு அது. பொது இடத்தில் படிக்க விரும்புகிறவளுக்கு ஹில்லெல். அவள் எதைத் தெரிவு செய்தாலும் படிப்பு நிற்பதில்லை.

கேட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 1997 ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் மார்க்கப்பற்றுள்ள சில யூத மாணவர்கள், ஆணும் பெண்ணும் கலந்திருக்கும் விடுதியில் தங்க முடியாது, வெளியே தங்க அனுமதி தாருங்கள் என்று கேட்டார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் விடுதியில்தான் தங்க வேண்டும் என்பது அங்கே விதி. பல்கலைக்கழகம் மறுத்தது. வழக்குத் தொடுத்தார்கள். 1998 இல் தோற்றார்கள். 2000 ஆம் ஆண்டில் மேன்முறையீட்டிலும் தோற்றார்கள். இந்த மாணவர்களின் கவலை எங்கள் உம்மாமாரின் கவலையைவிடச் சிறிதும் வேறுபட்டதல்ல. அந்த வழக்கிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: விடுதி எப்படி இருக்கும் என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்க வேண்டும். "இல்லை" என்ற பதிலும் பயனுள்ள பதில். அது தெரிந்தால் வேறு இடத்தைத் தேடலாம்.

ஒருவர் கேட்பது மற்றவருக்கும் பயன்படும் என்பதற்கும் அங்கே சான்று இருக்கிறது. மவுண்ட் ஹோலியோக் என்ற பழைய பெண்கள் கல்லூரியிலும் டார்ட்மவுத் கல்லூரியிலும் கோஷர் உணவும் ஹலால் உணவும் ஒரே கூடத்தில் பரிமாறும் ஏற்பாட்டை 2001 ஆம் ஆண்டில் தொடங்கினார்கள். யூதப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வரிசையில் தட்டோடு நிற்கிறார்கள். இருவருக்கும் பன்றி கூடாது, இருவருக்கும் அறுத்த முறை முக்கியம். வேதத்தையுடையோரின் உணவு எமக்கு ஆகுமானது என்பதை எங்கள் வேதம் முன்பே சொல்லியிருக்கிறது.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். 2023 ஒக்டோபருக்குப் பிறகு, ஒரு பல்கலைக்கழகம் யூத மாணவரை ஆதரிக்கிறதா என்ற கேள்விக்குள் அரசியலும் புகுந்துவிட்டது. யூத மாணவர் பலர் தாம் யூதர் என்பதற்காகவே ஒதுக்கப்படுவதாகச் சொன்னார்கள். முஸ்லிம், அரபு மாணவரும் பலஸ்தீனத்துக்காகப் பேசினால் தண்டிக்கப்படுவதாகச் சொன்னார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் இரண்டு குழுக்களை அமைத்து, 2025 ஏப்ரலில் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. ஒன்று யூதர், இஸ்ரேலியர் மீதான வெறுப்பைப் பற்றியது. மற்றது முஸ்லிம்கள், அரபுகள், பலஸ்தீனர் மீதான வெறுப்பைப் பற்றியது. ஒரே வளாகத்தில் இரு தரப்புப் பிள்ளைகளும் பயத்தோடு நடந்திருக்கிறார்கள்.

எல்லா யூத மாணவரும் ஒரே கருத்தில் இல்லை என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பலஸ்தீனத்துக்காகக் கூடாரம் அடித்திருந்த மாணவர்களிடையே யூதர்களும் இருந்தார்கள். பஸ்கா இரவு விருந்தை அந்தப் புற்றரையிலேயே நடத்தினார்கள். அதற்கு முன், 2013 இல், ஸ்வார்த்மோர் கல்லூரியின் ஹில்லெல் மாணவர்கள், இஸ்ரேலை விமர்சிப்பவர்களையும் பேச அழைப்போம் என்று அறிவித்தார்கள். தலைமையகம் அதை ஏற்காததால் பின்னர் அந்தப் பெயரையே விட்டுவிட்டார்கள். ஆகவே என் கருத்தில், மாணவரின் மார்க்க வாழ்வை ஆதரிப்பது வேறு, ஓர் அரசை ஆதரிப்பது வேறு. முதலாவதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு மாணவருக்கும் செய்ய வேண்டும். இரண்டாவதை மார்க்க வாழ்வின் பெயரால் யார் மீதும் சுமத்தக் கூடாது. ஒரு பிள்ளை சப்பாத்துக்கு விளக்கேற்றவும், இன்னொரு பிள்ளை பலஸ்தீனத்துக்காகப் பதாகை பிடிக்கவும் ஒரே இடத்தில் இடம் இருந்தால்தான் அது பல்கலைக்கழகம்.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். அமெரிக்க மக்களில் யூதர் நூற்றுக்கு மூன்று பேரைவிடக் குறைவு. இலங்கையில் நாம் நூற்றுக்குப் பத்தளவு. ஆனால் அவர்களிடம் இருக்கும் அளவு தகவல் எங்களிடம் இல்லை.

"எங்களுக்கு எங்கே தெரிவு? இசட் புள்ளிதானே முடிவு செய்கிறது" என்று சொல்லலாம். பாதி உண்மை. விண்ணப்பத்தில் பாடநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப வரிசையில் எழுதுவது நாங்கள்தான். அந்த வரிசையை எதை வைத்து எழுதுகிறோம்? பெரும்பாலும் பஸ் எத்தனை மணித்தியாலம் என்பதையும், பக்கத்து வீட்டார் சொன்னதையும் வைத்துத்தான்.

என் சாச்சியின் மகள் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் விஞ்ஞான பீடத்தில் இடம் கிடைத்தது. நல்ல புள்ளி. ஆனால் தூரம். தொழ இடம் இருக்குமா, ஹலால் சாப்பாடு கிடைக்குமா, பகிடிவதையில் பர்தாவைக் கழற்றச் சொல்வார்களா என்ற பயம் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. யாரும் ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுக்கவில்லை. பதிவு செய்யும் இறுதி நாள் போய்விட்டது. அடுத்த ஆண்டு அதே பீடத்துக்குப் போன வேறோர் ஊர்ப் பிள்ளை, அங்கே பெண்கள் விடுதி தனியாக இருக்கிறது, தொழுகை அறை இருக்கிறது, முஸ்லிம் மாணவிகள் சேர்ந்து சமைக்கிறார்கள் என்று சொன்னாள். ராத்தா இன்று வீட்டில் சிறு பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுக்கிறார். அதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் அதைத் தெரிவு செய்யவில்லை.

நான் கணிதப் பிரிவில் படிக்கிறேன். பொறியியல் பீடத்துக்குப் போக வேண்டும் என்பது ஆசை. "தென்கிழக்கு என்றால் பார்ப்போம், மற்றது வேண்டாம்" என்று வாப்பா சொல்லியிருக்கிறார். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை நான் மதிக்கிறேன். யுத்தத்தால் முஸ்லிம் மாணவர் படிப்பைத் தொடர முடியாமல் தவித்த காலத்தில், 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 இல் பல்கலைக்கழகமானது. மர்ஹூம் அஷ்ரப் அவர்களின் பெயர் அதனால் எங்கள் வீடுகளில் நன்றியோடு சொல்லப்படுகிறது. அங்கே போவது நல்ல தெரிவு. ஆனால் மற்ற இடங்களைப் பற்றி ஒன்றும் விசாரிக்காமல் அங்கே போனால் அது தெரிவாகாது. பேராதனை வளாகத்தில் பள்ளிவாசல் இருக்கிறது. பேராதனை, கொழும்பு, மொரட்டுவை எல்லாவற்றிலும் மாணவர்களின் முஸ்லிம் மஜ்லிஸ் இருக்கிறது. எங்கள் ஹில்லெல் அதுதான். ஆனால் மகளின் விண்ணப்பத்தை நிரப்பும் முன் மஜ்லிஸுக்கு அழைத்துப் பேசிய பெற்றோர் எத்தனை பேர்?

எனவே பெற்றோரிடம் என் வேண்டுகோள் இது. பயத்தைக் கேள்வியாக மாற்றுங்கள். முதலாம் வருடத்தில் பெண்களுக்கு விடுதி உறுதியா, எத்தனை வருடத்துக்கு? ஓர் அறையில் எத்தனை பேர்? தொழுகை அறை பீடத்தில் இருக்கிறதா, விடுதியிலா? வுழூச் செய்ய இடம் உண்டா? விடுதியில் சமைக்க அனுமதி உண்டா? ரமழானில் ஸஹர் நேரம் சாப்பாட்டுக்கு என்ன வழி? ஆய்வுகூடத்தில் ஹிஜாபோடு பாதுகாப்பாக வேலை செய்ய என்ன முறை? பகிடிவதை நடந்தால் யாரிடம் முறையிடுவது? இப்போது படிக்கும் முஸ்லிம் மாணவி ஒருவரோடு உம்மா பேச முடியுமா? இவற்றுக்குப் பதில் வாங்கிய பிறகு "வேண்டாம்" என்று சொன்னால், அந்த முடிவை நாங்கள் மதிப்போம். காரணம் தெரியாத "வேண்டாம்" மனதில் நீண்ட நாள் வலிக்கும்.

தோழியரே, கேட்பதில் வெட்கம் வேண்டாம். 2024 இல் திருகோணமலையில் உயர்தரம் எழுதிய 70 முஸ்லிம் மாணவிகளின் பெறுபேறுகள், பரீட்சை மண்டபத்தில் காதை மறைத்திருந்தார்கள் என்று சொல்லி நிறுத்தி வைக்கப்பட்டதை நாம் அறிவோம். விதி என்ன, எங்கள் உடை எந்த அளவுக்கு ஏற்கப்படும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது எவ்வளவு அவசியம் என்பதை அது சொல்கிறது.

இன்னொன்று. வசதி எல்லாம் இருந்தாலும் மார்க்கம் தானாக வந்துவிடாது. ஹில்லெல் கட்டடத்தின் வாசலை மிதிக்காமலே பட்டம் பெறும் யூத மாணவர் அங்கே ஏராளம். தொழுகை அறை இருக்கும் பீடத்தில் தொழாமல் இருப்பதும், இல்லாத பீடத்தில் வெற்று வகுப்பறையில் முஸல்லாவை விரிப்பதும் எங்கள் கையில் இருக்கிறது. பெற்றோர் இதையும் நினைவில் வைக்க வேண்டும். பதினேழு வருடம் வீட்டில் வளர்த்தது ஒரு பஸ் பயணத்தில் கழன்று விழுந்துவிடும் என்று எண்ணினால், எங்களையும் நீங்கள் வளர்த்த விதத்தையும் சேர்த்துத்தான் குறைவாக மதிக்கிறீர்கள்.

எங்களில் யார் முதலில் தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போகிறோமோ, அவருக்கு ஒரு கடமை இருக்கிறது. மேலே சொன்ன கேள்விகளுக்கான பதில்களை ஒரு தாளில் எழுதி எங்கள் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த ஆண்டு உயர்தரம் எழுதும் தங்கை ஒருத்தியின் உம்மா இரவு எட்டு மணிக்கு அழைத்து, "மகள், அங்க சாப்பாடு எப்படி?" என்று கேட்டால், பாடக் குறிப்பை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் நான்கு வருடம் அந்தப் பதிலில் தங்கியிருக்கலாம்.